வலது கை வீசி நடக்காதவன்

பங்குனி 4, செவ்வாய்

சந்தேகம் வந்தால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் ஒரு மந்திரியின் மெய்க்காவலர். நான் ஊர்க்காவல் படையில் இருந்த காலத்தில் அந்த மந்திரியின் உயிர் நாலு மணி நேரம் என் கையில் இருந்தது. குடையும் என் கையில்தான் இருந்தது. மெய்க்காவலரும் நானும் ஒரே இலையில் சாப்பிடாத குறை. "ஆவுடைநாயகம், உமக்கு இருக்க கண்ணு எங்க டிப்பார்ட்மெண்டுல ஒருத்தனுக்கும் இல்லவே" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவனைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நான் எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். அத்தனை அழுத்தமாகப் படித்தவனுக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும்.

உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரியில் எழுதுகிறேன். கிழமையை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. தாள் நல்ல தாள்.

என் தங்கை கோமுவின் ஒரே மகன் ஆறுமுகநயினார் இன்று காலை பம்பாயிலிருந்து வந்து இறங்கினான். அங்கே நாலு வருஷமாக டிரைவர். பஸ்ஸை விட்டு இறங்கியவன் இடது கையில் பையை வாங்கினான். கோமு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இவன் உடம்பைத் திருப்பி இடது பக்கத்தை மட்டும் கொடுத்தான். வீட்டுக்கு நடந்து வருகையில் இடது கை வீசியது. வலது கை விலாவோடு ஒட்டியே வந்தது. மெய்க்காவலர் சொன்ன முதல் அடையாளம் அதுதான்.

சிரித்துக்கொண்டேன். கண் இன்னும் பழுதாகவில்லை.

பங்குனி 6, வியாழன்

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பங்குனி உத்திரத்துக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே பிழைக்கப் போனவனும் அன்றைக்குத் தன் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. எனக்குச் சாஸ்தா வேறு. ஆனாலும் கோமுவின் புருஷன் குத்தாலிங்கம் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு ஆண்துணை நான்தான் என்பதால், இருபத்திரண்டு வருஷமாக மச்சானின் கரைமேல் சாஸ்தாவுக்கே படைப்புப் போடுகிறேன்.

நயினாரின் அடையாளங்கள் மேலும்: வேகிற வெயிலில் சட்டையைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் சாரம் உடுத்துகிற பிள்ளை, பேண்டும் தடித்த பெல்ட்டுமாக இருக்கிறான். சுண்ணாம்பு மட்டை கீழே விழுந்தால் இடுப்பை வளைத்து எடுப்பதில்லை; நேராக முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கிறான். காற்றடித்தால் சட்டை நுனியைக் கை தானாகப் போய்ப் பிடிக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் நாற்காலி வேண்டும் என்கிறான்.

"தரையில ஒக்காந்து திங்கதுக்கு என்னல?" என்றாள் கோமு.

"பம்பாய்ல பழகிட்டும்மா."

"நாலு வருசத்துல சம்மணம் போட மறந்து போச்சாக்கும்."

நான் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மோர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு கையால் பிடித்துக் குடிப்பது மந்திரி வீட்டுப் பழக்கம், விடமுடியவில்லை.

துப்பாக்கியேதான். சின்னது. இருக்கட்டுமே, பெரிய முதலாளி யாருக்காவது காவலாகவும் போவான் போல. டிரைவர் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாதாம். அது எங்கள் வீட்டு ரத்தம். அவன் அப்பாவுக்குச் சைக்கிளே தள்ளாடும். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் எது பிரேக் எது என்று சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது.

பங்குனி 9, ஞாயிறு

நயினார் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"மாமா, அப்பா செத்த அன்னைக்கு நடந்தத இன்னொரு தடவை சொல்லுங்க."

எத்தனை தடவை சொன்ன கதை. அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயது. என் மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். மச்சான் வண்டியை ஓட்டுகிறார். நான் பின்னால். ஓடைப்பாலம் நெருங்குகிறது. பின்னாலேயே தளவாயின் ஜீப். தளவாய்க்கும் மச்சானுக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு; ஊருக்கே தெரியும். ஜீப் இடித்த இடியில் மச்சான் பாலத்துக்குக் கீழே. நான் எழுந்து பாய்ந்து ஜீப்பின் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அப்போது ஒடிந்தவைதான் இந்த இரண்டு மணிக்கட்டும். தளவாய் இறங்கி வந்தான். பாலத்தின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எப்படிச் சிரிச்சான்?"

"பல்லு முழுக்கத் தெரிய, மாப்ளே. மேல்வரிசை, கீழ்வரிசை."

அந்தச் சொல்லுக்குத்தான் அவன் வலது முழங்கை மெதுவாக உள்ளே மடங்கி, இடுப்பில் இருந்த அதைத் தொட்டுப் பார்த்தது. இருக்கிறதா என்று பார்ப்பது. மெய்க்காவலர் சொன்னார்: "மத்ததெல்லாம் சந்தேகம். இது ஒண்ணுதான் சாட்சி. எவன நெனைக்கும்போது தொடுதான்னு பாரும், அவனுக்குத்தான் அது."

பங்குனி 10, திங்கள்

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று கோமுவிடம் சொன்னேன்.

பங்குனி 12, புதன்

கோயில் நோட்டீஸைக் கோமு போன மாதமே போனில் படம் எடுத்து நயினாருக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் உத்திரத்தன்று அன்னதானம் உபயம் என்று தளவாய் பெயர். ஊர்ப் பேச்சு தாங்காமல் கோயம்புத்தூர் போனவன் இருபது வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை. பக்கவாதம் வந்து பிழைத்ததற்கு நேர்ச்சையாம். அவனுக்கும் கரைமேல் சாஸ்தாதான். என்றைக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிற்பான் என்பது அச்சடித்து வந்திருக்கிறது.

"அந்தப் பாவி எப்பிடி சாஸ்தா மொகத்துல முழிக்கான்னு நானும் பாக்கேன்" என்றாள் கோமு, அரிசி புடைத்துக்கொண்டே.

நயினார் முறத்தில் இருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். இடது கையால்.

பங்குனி 17, திங்கள்

இன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்துதான். இரண்டு சக்கர வண்டி என் ஜாதகத்துக்கு ஆகாது என்று ஒரு நம்பூதிரியே சொல்லியிருக்கிறார். ஓடைப்பாலம் வழியாகப் போனால் மூன்று மைல். நான் எப்போதும் கீழூர் சுற்றித்தான் போவேன், ஏழு மைல். நடை உடம்புக்கு நல்லது.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் சேரை இழுத்துப் போட்டார். "வாரும் பெரியவரே. இன்னைக்கு என்ன, குளத்துல நீர்மூழ்கிக் கப்பலா?"

போன ஐப்பசியில் நான் கொடுத்த தகவல் அது. வாத்துக்கூட்டம் என்று பிறகு தெரிந்தது. ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொன்னால் இரண்டில் ஒன்று. நம்பாமல் சிரிப்பார்கள். அல்லது நம்பி வந்து, கோமுவின் கண்ணெதிரே அவனை முற்றத்தில் மடக்கி விலங்கு போடுவார்கள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வேட்டியில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, மந்திரி எனக்குக் கொடுத்த கடிகாரம் காணாமல் போய்விட்டதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. அதற்கும் ஏட்டு ஒரு தாள் கொடுத்து எழுதித் தரச் சொன்னார்.

திரும்பும்போதும் கீழூர் சுற்றித்தான் வந்தேன்.

பங்குனி 20, வியாழன்

கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கிவிடலாம் என்று தோன்றியது. கட்டியவனுக்குப் பிரிக்கத் தெரியாதா?

"மாப்ளே, அன்னைக்கி நல்ல வெயிலு. கண்ணு கூசுச்சு. தளவாய் சிரிச்சானா, வெயிலுக்கு மொகத்தச் சுளிச்சானான்னு இப்ப யோசிச்சா..."

"கார்த்திகை மாசம் அடமழைன்னு சொல்லுவீயளே மாமா."

"மழைக்கு முந்தி வெயிலு."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "மாமா. ஜீப்பு இடிச்சத கூட விட்டுருவேன். வண்டின்னா இடிக்கும். நானும் டிரைவர்தான். ஆனா எறங்கி வந்து சிரிச்சான்லா, அத என்னால விடமுடியல. பம்பாய்ல ஒவ்வொரு நாளும் காதுல கேக்கும், பாத்துக்கிடுங்க."

அந்தச் சிரிப்பைச் சேர்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்குப் பத்து வயது. கதை முடிந்துவிட்டது. ஆனாலும் என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "அப்புறம், மாமா?" என்றான். அப்புறம் என்று யாராவது கேட்டுவிட்டால் என்னால் நிறுத்த முடியாது. அது என் பிறவிக் குணம். "அப்புறம் தளவாய் சிரிச்சான்" என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

பங்குனி 23, ஞாயிறு

குளிக்கப் போகும்போது எடுத்துவிடலாம் என்று மூன்று நாள் காவல் கிடந்தேன். பையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறான். ஆற்றுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்றேன், பனியனோடு நின்றான். உத்திரத்தன்று சட்டையைக் கழற்றினால்தானே சாஸ்தா சன்னிதிக்குள் விடுவார்கள் என்று கடைசியாகப் போட்டேன்.

"நான் உள்ள வரல மாமா. மரத்தடியில நிக்கேன். அன்னதானம் அங்கதான போடுதாவ."

கோமு கொழுக்கட்டைக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் என்ன குசுகுசுங்கிய? எனக்கும் சொல்லுங்களாம்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம். மகன் வந்திருக்கிறான் அல்லவா.

பங்குனி 26, புதன்

சொன்னேன். கிணற்றடியில், நடுப்பகலில், அவன் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். எழுதவும் செய்கிறேன்.

வண்டியை ஓட்டியது நான். மச்சான் பின்னால் இருந்தார், விதைநெல்லை மடியில் கட்டிக்கொண்டு. மெதுவாகப் போங்க, மெதுவாகப் போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். கையை விட்டு ஓட்டிக் காட்டுகிறேன் பாரும் என்று சொல்லி, பாலத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விட்டேன். மழைச் சகதி. ஜீப் எதுவும் இடிக்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் ஒரு ஜீப் வந்தது. தளவாய் ஓடையில் இறங்கி மச்சானைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஆஸ்பத்திரி வரைக்கும் மச்சானின் தலை அவன் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கோமு ஓடிவந்து "என்னாச்சுண்ணே" என்றாள். ஜீப்பு என்று வாயில் வந்தது. அவ்வளவுதான், அந்த ஒரு சொல். பிறகு அது தானாக வளர்ந்தது. போலீஸ் விசாரித்துவிட்டுக் கேஸ் இல்லை என்று போய்விட்டார்கள். ஊர் விடவில்லை.

நயினார் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினான்.

"பயப்படாதீய மாமா."

"ஏல, நெசமாச் சொல்லுதேன்."

"எனக்காவ இப்பிடி ஒரு பழியத் தூக்கித் தலையில போடுதீய பாத்தீயளா. ஊர்ல ஒங்களப் புளுகுமூட்டைங்கான். சொல்லிட்டுப் போறான். எதுல வேணும்னாலும் புளுகுவீய, எங்கப்பா விஷயத்துல மட்டும் புளுகமாட்டீய. அது எனக்குத் தெரியும்."

நான் சாஸ்தா மேல் சத்தியம் செய்தேன். அவன் என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

பங்குனி 27, வியாழன்

கோமு அவனுக்குப் புதுச்சட்டை தேய்த்து வைத்திருக்கிறாள். பெரிய சட்டை. அவனேதான் ஒரு அளவு கூட்டி எடுத்துவரச் சொன்னானாம்.

பங்குனி 28, வெள்ளி. உத்திரம்.

கோமு படைப்புச் சாமான்களோடு விடியக்காலையிலேயே வேனில் போய்விட்டாள். நயினார் பக்கத்து வீட்டில் மோட்டார் சைக்கிள் வாங்கி வைத்திருந்தான். ஏறி உதைத்தான். நான் போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"மாமா, ஒங்களுக்குத்தான் வண்டி ஆவாதே."

"போல."

"பாலம் வழியாத்தான் போவேன்."

"போ."

அவன் இடுப்பைப் பிடிக்க முடியாது. பிடித்தால் அது கையில் தட்டும், அவன் இறக்கிவிடுவான். சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். என் கைக்கு அது பிடிபடாது, மணிக்கட்டு திரும்பாது. தோளைப் பிடித்தேன்.

பாலம் தெரிந்ததும் என் கால் உதற ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. வண்டியே ஆடியது. "நிறுத்துல, நிறுத்துல" என்று கத்தினேன் போல. அவன் நிறுத்தினான். இறங்கினேன், நிற்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்தேன். வேட்டி நனைந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது எனக்கு.

அவன் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

குடித்துவிட்டு நிமிர்ந்தால் அவன் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகு நேரம் பார்த்தான். நான் அவனை இருபத்துநாலு நாளாகப் பார்த்தேனே, அந்தப் பார்வை.

"கையக் குடுங்க மாமா" என்றான். கொடுத்தேன். வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். பிறகு இடது மணிக்கட்டை.

"ரெண்டும் ஒரே மாதிரி ஒடிஞ்சிருக்கு."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"பம்பாய்ல நான் நெறைய ஆக்சிடெண்டு பாத்திருக்கேன் மாமா. பின்னால இருக்கவனுக்குத் தலையில அடிபடும், இடுப்புல அடிபடும். ஜீப்ப மறிச்சவனுக்கு நெஞ்சுல அடிபடும். ஹேண்டிலப் புடிக்கப் பாஞ்சவனுக்குத்தான் ரெண்டு மணிக்கட்டும் இப்பிடிப் போவும். இருவத்திரெண்டு வருசமா நீங்க இந்தப் பாலத்துல கால் வைக்கல. வண்டியில ஏறல. நான் ஜாதகம்னு நெனச்சேன்."

பிறகு அவன் முழங்கை உள்ளே மடங்கியது. இந்தத் தடவை அவன் நினைத்தது யாரை என்று எனக்குத் தெரியும். சட்டை நுனி மேலே போனது. முழுதாக இப்போதுதான் பார்த்தேன். கறுப்பாக, உள்ளங்கை அளவு. நான் கண்ணை மூடவில்லை. மூடியதாகவும் சொல்லலாம், மூடவில்லை என்றும் சொல்லலாம். மூடிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

"கோமுகிட்ட நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு" என்றேன்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவன் பாலத்தைத் தாண்டிக் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தான். துப்பாக்கியோடு.

நான் எழுந்து பாலத்தின் மேல் நடந்தேன். ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடந்தேன், விழுந்தேன், நடந்தேன். இரண்டு மைல். வெடிச்சத்தம் கேட்கும் போதெல்லாம் உட்கார்ந்துவிட்டேன். உத்திரத்தன்று கோயிலில் அதிர்வேட்டுப் போடுவார்கள். எது எந்தச் சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மந்திரியின் மெய்க்காவலர் அதைச் சொல்லித் தரவில்லை. அவர் சுட்டு அவரே பார்த்ததில்லையாம். என்னிடம் அவர் பேசியதே டீ குடிக்கிற நேரம்தான்.

கோயிலில் ஒரே கூட்டம். மரத்தடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அலறல் எதுவும் இல்லை. சாம்பார் வாளியோடு ஆட்கள் போய்வந்தார்கள். நயினார் அங்கே இல்லை.

சன்னிதி வாசலில் இருந்தான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். ஈரம் சொட்டியது; கோயிலுக்குப் பின்னால் ஆற்றில் முங்கியிருக்கிறான். அங்கே ஒரு கசம் உண்டு, யானை நிலைக்காத ஆழம். ஒரு வயசாளி படியேற முடியாமல் கம்பைப் பிடித்து நின்றார். இடது கால் இழுத்தது. நயினார் அவர் கக்கத்தில் கை கொடுத்து இரண்டு படி ஏற்றிவிட்டான்.

"யாரு மவன்டே நீ?"

"குத்தாலிங்கம் மவன்."

தளவாய் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார். "ஒங்கப்பா மடியில விதைநெல்லு வச்சிருந்தாருடே. ஜீப்புல கொட்டிருச்சு. ஒண்ணையும் விடாம பொறுக்கிக் கோமுகிட்ட குடுத்துருங்கன்னாரு. அதான் கடைசியா பேசுனது." அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு பக்கம் கோணிய வாயால் சிரித்தார். மேல்வரிசையில் பல்லே இல்லை.

நயினார் திரும்பிப் பந்தியைப் பார்த்து நடந்தான். என்னைத் தாண்டித்தான் போனான். நான் அங்கே நிற்கவே இல்லை என்பது போலப் போனான். இரண்டு கையும் வீசிப் போனான்.

பங்குனி 30, ஞாயிறு

நயினார் நேற்று மத்தியானமே பம்பாய்க்கு வண்டி ஏறிவிட்டான். அம்மாவின் காலைத் தொட்டான். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இன்று காலை கோமு காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் ஏன் ஒன்கிட்ட பேசாமப் போனான்? என்னண்ணே செஞ்ச அவன?"

பம்பாய் முதலாளி, பங்காளிச் சண்டை, கனவில் சாஸ்தா வந்தது என்று மூன்று கதை ஒரே நேரத்தில் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. மூன்றும் நல்ல கதைகள்.

"கோமு, அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நான்" என்றேன்.

பாலத்தைச் சொன்னேன். கையை விட்டதைச் சொன்னேன். விதைநெல்லைச் சொன்னேன். தளவாயின் மடியைச் சொன்னேன். அவள் கண்ணைக்கூட அசைக்கவில்லை. காப்பியில் ஆடை கட்டியது.

நான் நிறுத்தியபோது அவள் கேட்டாள்: "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல, கோமு" என்றேன். "அவ்வளவுதான்."